ரைபோசோம் பாதியில் நின்றால் பாக்டீரியாவுக்கு என்ன லாபம்?

கேள்வி இப்படி வந்திருக்கிறது: “பாக்டீரியாவில் ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமா வேண்டாமா என்பதை டி.என்.ஏ. மேல் உட்காரும் அடக்கிப் புரதம் முடிவு செய்கிறது என்று படித்தேன். ரைபோசோம் புரதம் செய்வதைப் பாதியில் நிறுத்துவதாலும் மரபணு இயங்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். வேலை நின்றால் நஷ்டம்தானே? அது எப்படி இன்னொரு மரபணுவை இயக்கும்?”

லாக் ஓபரானை (ஒரே வாசலில் சேர்ந்து இயங்கும் மரபணு வரிசைக்கு ஓபரான் என்று பெயர்) படித்துவிட்டு வரும் எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வர வேண்டும். பெரும்பாலோர் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். கேட்டது நல்லதாகப் போயிற்று.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நின்றுபோன ரைபோசோம் காணாமல் போய்விடுவதில்லை. மரபணுவைப் பார்த்து எழுதப்பட்ட நகலான தூது ஆர்.என்.ஏ.வின் மேல், நின்ற இடத்திலேயே, பாரமாக உட்கார்ந்திருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் பகுதி மடங்க முடியாது. அந்தப் பகுதி மடங்காததால் அடுத்த பகுதி வேறு விதமாக மடங்குகிறது. அந்த மடிப்பைப் பொறுத்துப் பின்னால் இருக்கும் மரபணு திறக்கிறது, அல்லது மூடுகிறது. இதற்கென்றே பல மரபணுக்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பெப்டைடுக்கான, அதாவது சில அமினோ அமிலங்களே கொண்ட குட்டிச் சங்கிலிக்கான, குறிப்பு எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெப்டைடால் செல்லுக்கு வேறு எந்த உபயோகமும் இருக்க வேண்டியதில்லை. அதைச் செய்து முடிக்க முடிகிறதா, முடியவில்லையா என்பதுதான் செல்லுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

இதைப் பின்தொடர இரண்டு சங்கதிகள் நினைவில் இருந்தால் போதும். பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் தூது ஆர்.என்.ஏ.வை முன்னால் எழுதிக்கொண்டே போக, ரைபோசோம் அதன் வாலைப் பிடித்தபடி படித்துக்கொண்டே வரும். எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடுவே சில டஜன் எழுத்துகள்தான் இடைவெளி இருக்கலாம். இது முதல் சங்கதி. தூது ஆர்.என்.ஏ. ஓர் ஒற்றை இழை, தன் மேலேயே ஜோடி சேரும் என்பது இரண்டாவது. ஒத்த எழுத்துகள் எதிரெதிரே வந்தால் மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவு போல மடங்கிக்கொள்ளும். ஒரே துண்டுக்கு இரண்டு ஜோடிகள் சாத்தியம் என்றால், எது முந்துகிறதோ அதுதான் அமையும். ரைபோசோம் தலையிடுவது இந்தப் போட்டியில்தான்.

முதலில் டிரிப் ஓபரான். எஷரிச்சியா கோலை, அதாவது ஈ. கோலை, டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ள ஐந்து மரபணுக்களை வரிசையாக வைத்திருக்கிறது. டிரிப்டோபன் நிறைய இருந்தால் அடக்கிப் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு டி.என்.ஏ. மேல் உட்கார்ந்து வாசலை அடைத்துவிடும். பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு நிற்கிறது. ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் யானோஃப்ஸ்கியின் ஆய்வகம் அடக்கிப் புரதமே இல்லாத திரிபுகளைச் சோதித்தது. அடக்க ஆள் இல்லையென்றால் ஓபரான் எப்போதும் ஒரே அளவில் ஓட வேண்டும். ஆனால் டிரிப்டோபன் பட்டினி போட்டால் உற்பத்தி இன்னும் கூடியது. வாசலுக்கும் முதல் மரபணுவுக்கும் இடையே உள்ள டி.என்.ஏ. துண்டு ஒன்று அறுந்துபோன திரிபுகளிலும் உற்பத்தி ஏறியது. 1973-இல் அவர்கள் அந்த இடைப்பகுதியிலும் ஏதோ கட்டுப்பாடு இருக்கலாம் என்று எழுதினார்கள். அதன் பின் சில ஆண்டுகள் எடுத்து அந்த 162 எழுத்துகளை வரி வரியாகப் பிரித்துப் படித்தார்கள்.

அந்த 162 எழுத்துகளுக்குள் 14 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட ஒரு பெப்டைடுக்கான குறிப்பு இருந்தது. மெத்தியோனின், லைசின், அலனின், ஐசோலூசின், ஃபீனைல்அலனின், வேலின், லூசின், லைசின், கிளைசின், டிரிப்டோபன், டிரிப்டோபன், ஆர்ஜினின், திரியோனின், செரின். பத்தாவது இடத்தையும் பதினோராவது இடத்தையும் பாருங்கள். டிரிப்டோபன் புரதங்களில் அபூர்வமாக வரும் அமினோ அமிலம். சராசரியாக நூறு இடத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். பதினான்கே இடம் உள்ள ஒரு பெப்டைடில் இரண்டு, அதுவும் அடுத்தடுத்து! தற்செயலாக இப்படி அமையாது.

பூத்தொடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை, மல்லிகை, மரு, மல்லிகை என்று கை வேகமாக ஓடுகிறது. நடுவில் இரண்டு கனகாம்பரம் வைக்க வேண்டும். கூடையில் கனகாம்பரம் இருந்தால் அந்த இடம் வந்ததே தெரியாமல் கை கடந்துவிடும். இல்லையென்றால் அங்கேயே நிற்கும். கை எங்கே நிற்கிறது என்பதை வைத்தே எந்தப் பூ தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

இனி மடிப்பைப் பார்ப்போம். முன்பகுதியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நான்கு துண்டுகள் உள்ளன. இரண்டும் மூன்றும் ஜோடி சேர முடியும். மூன்றும் நான்கும் ஜோடி சேர முடியும். மூன்றாவது துண்டு ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் கை கொடுக்க முடியாது. மூன்றும் நான்கும் சேர்ந்தால் உருவாகும் கொண்டை ஊசி, பின்னால் ஒரு வரிசை யூ எழுத்துகளோடு, பாலிமரேஸைக் கழற்றிவிடும். அதற்குமேல் ஐந்து மரபணுக்களும் எழுதப்படாது. டிரிப்டோபன் தாராளமாக இருக்கும்போது ரைபோசோம் தடையில்லாமல் ஓடி, பெப்டைடின் கடைசிக்கு வந்து, இரண்டாவது துண்டின் மேல் படிந்துவிடுகிறது. மூன்றாவது துண்டு நான்காவதோடு போய்ச் சேர்கிறது. உற்பத்தி நிற்கிறது. டிரிப்டோபன் தட்டுப்பாடு வந்தால் ரைபோசோம் அந்த இரண்டு டிரிப்டோபன் கோடான்களிலேயே (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்தான் கோடான்), அதாவது முதல் துண்டின் மேலேயே, டிரிப்டோபனைச் சுமந்து வரும் கடத்து ஆர்.என்.ஏ.வுக்காகக் காத்து நிற்கிறது. இரண்டாவது துண்டு ஆளில்லாமல் இருக்கிறது. அது மூன்றாவதை இழுத்துக்கொள்கிறது. நான்காவது தனித்துப்போகிறது. பாலிமரேஸைக் கழற்றும் கொண்டை ஊசி அமையவில்லை. ஐந்து மரபணுக்களும் எழுதப்படுகின்றன.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு, பெரும்பாலான வகுப்புகளில் இதை விட்டுவிடுகிறார்கள். ரைபோசோம் வந்து ஏறுவதற்கு முன்பே பாலிமரேஸ் எழுதிக்கொண்டு வெகுதூரம் போய்விட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். அதனால் ஒன்றும் இரண்டும் சேர்ந்த முதல் கொண்டை ஊசி அமைந்ததும் பாலிமரேஸ் தானே சற்று நின்றுவிடுகிறது. ரைபோசோம் வந்து நெருங்கிய பிறகே நகர்கிறது. ஆக, இங்கே நிற்பவர்கள் இரண்டு பேர். துணைக்கு ஆள் வரட்டும் என்று பாலிமரேஸும், பூ வரட்டும் என்று ரைபோசோமும்.

அப்படியானால் அடக்கிப் புரதம் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். இரண்டும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன. அடக்கிப் புரதம் செல்லுக்குள் மிதக்கும் டிரிப்டோபனை அளக்கிறது. ரைபோசோமோ கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏற்றப்பட்டு வேலைக்குத் தயாராக இருக்கும் டிரிப்டோபனை அளக்கிறது. லேசான தட்டுப்பாட்டுக்கு முதலாவது போதும். பட்டினி முற்றும்போது இரண்டாவதும் தளர்கிறது. பாடப்புத்தகக் கணக்கில் அடக்கிப் புரதம் சுமார் 70 மடங்கு, முன்பகுதி சுமார் 10 மடங்கு. சேர்த்துப் பெருக்கினால் 700 மடங்கு வித்தியாசம். இந்த முன்பகுதிக் கட்டுப்பாட்டுக்கு அட்டெனுவேஷன் என்று பெயர். ஹிஸ்டிடின் ஓபரானின் முன்னோடிப் பெப்டைடில் 16 இடங்களில் 7 ஹிஸ்டிடின் ஒரே தொடராக இருப்பதைப் பார்த்தால், இனி உங்களுக்கே காரணம் தெரியும். லூசினுக்கும் ஃபீனைல்அலனினுக்கும் இதே கதைதான், நீட்ட வேண்டாம்.

இதுவரை சொன்னது பூ தீர்ந்ததால் நின்ற கதை. உண்மையில் வியப்பான கதைகள், எல்லாப் பூவும் கூடையில் இருந்தும் கை நிற்பவை. அதற்கு ரைபோசோமின் உடம்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமினோ அமிலங்கள் கோக்கப்படும் இடம் ரைபோசோமின் பெரிய பகுதிக்கு நடுவில் இருக்கிறது. கோத்த சங்கிலி அங்கிருந்து ஒரு சுரங்கம் வழியாக வெளியே வர வேண்டும். சுரங்கத்தின் நீளம் சுமார் 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் இப்படி ஒரு லட்சம் சுரங்கங்களை நீளவாக்கில் அடுக்கலாம். 30 முதல் 40 அமினோ அமிலங்கள் அதற்குள் ஒரே நேரத்தில் அடங்கும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் வேதியியல் நோபல் பெற்றது ரைபோசோமின் வடிவத்துக்காகத்தான் என்று நம்மில் பலருக்கும் தெரியும். ஆனால் அவர் விடுவித்தது சிறிய பகுதி. சுரங்கம் இருக்கும் பெரிய பகுதியின் வடிவம் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோரின் வேலையோடு சேர்ந்தது. யோனாத் குழு 1987-லேயே மங்கலான படத்தில் இந்தச் சுரங்கத்தைக் காட்டியிருந்தது. வெகுகாலம் இதை வெறும் குழாயாகவே நினைத்திருந்தார்கள், எந்தச் சங்கிலி வந்தாலும் வழுவழுவென்று விட்டுவிடும் குழாய் என்று. அப்படி இல்லை. சுரங்கத்தின் சுவர் தன் வழியே போகும் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கிறது. சில வரிசைகள் சுவரில் மாட்டிக்கொள்கின்றன.

மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் இதன் விளைவைக் கண்ணாலேயே பார்க்கிறார்கள். சீழில் இருந்து வளர்த்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை, முல்லர்-ஹின்டன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத் தட்டு முழுவதும் பஞ்சுக் குச்சியால் சீராகத் தடவுவோம். அதன் மேல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தோய்த்த வில்லைகள்: எரித்ரோமைசின் 15 மைக்ரோகிராம் வில்லை ஒன்று, அதிலிருந்து 15 முதல் 26 மில்லிமீட்டர் தள்ளி கிளிண்டமைசின் 2 மைக்ரோகிராம் வில்லை ஒன்று. இரவு முழுவதும் 35 டிகிரியில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். எரித்ரோமைசினைச் சுற்றி பாக்டீரியா ஒட்டி வளர்ந்திருக்கும், மருந்து பலிக்கவில்லை. கிளிண்டமைசினைச் சுற்றித் தெளிந்த வட்டம் இருக்கும், மருந்து பலிக்கிறது. ஆனால் சில தட்டுகளில் அந்த வட்டம் முழு வட்டமாக இருக்காது. எரித்ரோமைசினைப் பார்த்த பக்கம் மட்டும் யாரோ கத்தியால் சீவிவிட்டது போலத் தட்டையாக, ஆங்கில டி எழுத்து வடிவில் இருக்கும். அதைப் பார்த்ததும் கிளிண்டமைசின் பலிக்காது என்று எழுதி அனுப்ப வேண்டும். முதல்முறை இதைப் பார்த்தபோது, வட்டத்தில் பெரும்பங்கு தெளிவாக இருந்தும் ஏன் இப்படி எழுத வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. விதி அப்படி என்று எழுதினேன். விதியின் காரணம் ஒரு நின்றுபோன ரைபோசோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

எரித்ரோமைசின், பிலிப்பைன்ஸ் மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து பெறப்பட்டு 1952-இல் புழக்கத்துக்கு வந்த மருந்து. அது ரைபோசோமின் சுரங்கத்துக்குள், நுழைவாயிலுக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்துகொள்கிறது. அது பிடித்துக்கொள்ளும் முக்கியமான கைப்பிடி, பெரிய பகுதியின் ஆர்.என்.ஏ.வில் ஏ 2058 என்று எண்ணிடப்பட்ட ஒரே ஓர் அடினின், அதாவது ஓர் ஏ எழுத்து. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், மறுபடியும் வரும். எர்ம்-சி என்ற புரதம் அந்த அடினினில் இரண்டு மெத்தில் தொகுதிகளை ஒட்டிவிடுகிறது. கைப்பிடி போனதும் எரித்ரோமைசின் பிடிக்க வழியில்லை. அதே இடத்தை நம்பியிருக்கும் கிளிண்டமைசினுக்கும் வழியில்லை.

எர்ம்-சி மரபணு எப்போதும் விழித்திருப்பதில்லை. அதன் முன்னால் 19 அமினோ அமிலம் கொண்ட முன்னோடிப் பெப்டைடு ஒன்று. எர்ம்-சியின் புரதம் தொடங்க வேண்டிய இடமோ ஒரு கொண்டை ஊசிக்குள் மடிந்து ஒளிந்திருக்கிறது. மருந்து இல்லாதபோது ரைபோசோம் முன்னோடியைச் செய்து முடித்துவிட்டு இறங்கிவிடும், கொண்டை ஊசி அசையாது. எரித்ரோமைசின் ஒட்டிய ரைபோசோம் வந்தால், ஒன்பதாவது அமினோ அமிலத்தைக் கோத்ததும் நின்றுவிடுகிறது. அதுவரை வந்த ஐசோலூசின், ஃபீனைல்அலனின், வேலின், ஐசோலூசின் என்ற வரிசையும் மருந்தும் சுவரும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. பத்தாவதாக வரவேண்டிய செரின் தயாராக நின்றும் இணைப்பு நடப்பதில்லை. ரைபோசோம் அங்கேயே உட்கார, கொண்டை ஊசி பிரிந்து வேறு விதமாக மடங்குகிறது, எர்ம்-சியின் தொடக்கம் வெளியே வருகிறது. 1980-இல் விஸ்கான்சினில் பெர்னார்ட் வைஸ்ப்ளம் குழுவும் நியூயார்க்கில் டேவிட் டப்னாவ் குழுவும் தனித்தனியே இந்த விளக்கத்துக்கு வந்து சேர்ந்தன. டிரிப் ஓபரானோடு ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே தூது ஆர்.என்.ஏ. எப்போதும் எழுதப்பட்டே இருக்கிறது, படிப்பதுதான் மூடித் திறக்கிறது.

கூர்மையான மாணவர்கள் இந்த இடத்தில் மடக்குவார்கள். எரித்ரோமைசின் ரைபோசோமை நிறுத்தும் மருந்து, எர்ம்-சியும் புரதம், எல்லா ரைபோசோமும் நின்றுவிட்டால் எர்ம்-சியை யார் செய்வது? மருந்து கொல்லும் அளவை எட்டுவதற்கு முன், சில ரைபோசோம்களில் ஒட்டியிருக்கும், சிலவற்றில் ஒட்டியிருக்காது. ஒட்டிய ஒன்று முன்னோடியில் நின்று கதவைத் திறந்து பிடிக்கிறது. ஒட்டாத இன்னொன்று உள்ளே போய் எர்ம்-சியைச் செய்கிறது. செய்த எர்ம்-சி பழைய ரைபோசோம்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் முழுதாகப் பொருந்தியவற்றில் ஏ 2058 அதன் கைக்கு எட்டாது. கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் புதியவற்றுக்குத்தான் மெத்தில் போடும். அதனால் பாக்டீரியாவுக்கு முன்னெச்சரிக்கையும் கொஞ்சம் அவகாசமும் தேவை. தட்டில் வில்லையிலிருந்து மருந்து ஊறிப் பரவும்போது தூரம் போகப்போக நீர்த்துப்போகிறது. இரண்டு வில்லைகளுக்கும் இடையே, எழுப்பும் ஆனால் கொல்லாத அளவில் எரித்ரோமைசின் இருக்கும் பட்டை ஒன்று கிடைக்கிறது. அங்கே உள்ள பாக்டீரியா எர்ம்-சியை எழுப்பிக்கொண்டு கிளிண்டமைசினையும் தாங்கி வளர்கிறது. வட்டம் சீவப்பட்ட பக்கம் அதுதான். கிளிண்டமைசின் தானாக இந்த முன்னோடியை நிறுத்துவதில்லை, அதனால் மற்ற பக்கங்களில் பாக்டீரியா விழித்துக்கொள்ளாமல் சாகிறது.

ஏன் எப்போதும் விழித்தே இருக்கக் கூடாது? செலவு அதிகம். மெத்தில் ஒட்டிய ரைபோசோம் சில புரதங்களைச் சரியான அளவில் செய்வதில்லை என்றும், மருந்தில்லாத சூழலில் அத்தகைய செல்கள் போட்டியில் பின்தங்குகின்றன என்றும் 2013-இல் காட்டினார்கள். ஆனால் நோயாளிக்குக் கிளிண்டமைசின் கொடுத்துக்கொண்டே இருந்தால் கணக்கு மாறிவிடும். முன்னோடிப் பகுதி சிதைந்து, கொண்டை ஊசி அமையாமல், எர்ம்-சி எப்போதும் ஓடும் அபூர்வத் திரிபு ஒன்று கூட்டத்தில் இருந்தால் அது மட்டும் தப்பிப் பெருகும். டி வடிவம் தெரிந்ததும் மருந்து பலிக்காது என்று எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

எரித்ரோமைசின் கதையில் சுரங்கத்தை அடைத்தது வெளியிலிருந்து வந்த மருந்து. கியோட்டோவில் கொரியாகி இத்தோவும் நகதோகாவாவும் 2001, 2002 ஆண்டுகளில் காட்டியது இதைவிட விசித்திரம். ஈ. கோலையின் செக்-எம் என்ற புரதத்துக்கு 170 அமினோ அமிலங்கள். மருந்தும் இல்லை, தட்டுப்பாடும் இல்லை. 165 முடிந்து 166-ஆவது புரோலின் வந்து நிற்கும்போது ரைபோசோம் தானே நின்றுவிடுகிறது. சங்கிலியின் கடைசி 17 இடங்களில் உள்ள வரிசை சுரங்கத்தின் சுவரில் மாட்டிக்கொள்வதுதான் காரணம். இந்தப் பிடியைத் தளர்த்தும் திரிபுகளை ரைபோசோமில் தேடினார்கள். சுரங்கத்தின் குறுகலான இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்-22 என்ற புரதத்தில் சில கிடைத்தன. ஆர்.என்.ஏ.வில் கிடைத்தவற்றுள் ஒன்று, மேலே சொன்ன அதே ஏ 2058.

செக்-எம் நிற்பது எதற்காக? அதன் தூது ஆர்.என்.ஏ.வில் அடுத்து இருப்பது செக்-ஏ. செல்லுக்குள் செய்த புரதங்களைச் சவ்வைத் தாண்டி வெளியே தள்ளும் மோட்டார் அது. செக்-எம்மின் முனையிலும் “என்னை வெளியே அனுப்பு” என்ற முகவரி எழுதியிருக்கிறது. மோட்டார்கள் போதுமான அளவில் இருந்தால், சங்கிலியின் முனை சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் பிடித்து இழுக்கப்படும். அந்த இழுப்பில் உள்ளே மாட்டியது விடுபட்டு ரைபோசோம் மேலே நகரும். மோட்டார் பற்றாக்குறை என்றால் இழுக்க ஆளில்லை, ரைபோசோம் நின்றபடியே இருக்கும். நின்ற ரைபோசோம் அடுத்த கொண்டை ஊசியைப் பிரித்து வைக்க, செக்-ஏ செய்வது கூடும். வெளியே போய்ச் சேர்ந்த செக்-எம்மோ சில நிமிடங்களில் சிதைக்கப்பட்டுவிடுகிறது. இழுத்துப் பார்ப்பதற்காக மட்டுமே பிறந்த புரதம்.

நிஜமாகவே இழுப்பு விசைதானா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு 2015-இல் கார்லோஸ் புஸ்தமாந்தே குழு பதில் சொன்னது. லேசர் ஒளியால் பிடிக்கும் ஒளி இடுக்கியால் நின்றுபோன ஒற்றைச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க ரைபோசோம் மீண்டும் ஓடத் தொடங்கியது.

மறுபடியும் டிரிப்டோபனுக்கு வருகிறேன், ஏனென்றால் இதே ஈ. கோலை அதே அமினோ அமிலத்தை நேர்மாறாகவும் அளக்கிறது. டிரிப்டோபன் மிதமிஞ்சிக் கிடைத்தால் அதை உடைத்து இன்டோலாக மாற்றும் டிரிப்டோபனேஸ் என்ற நொதி இதனிடம் உண்டு. ஆய்வகத்தில் இன்டோல் சோதனை செய்தவர்களுக்கு இதைத் தெரியும். பெப்டோன் நீரில் வளர்ந்த ஈ. கோலை மேல் கோவாக்ஸ் கரைசல் சில சொட்டுகள் விட்டதும் மேல்மட்டத்தில் செக்கச்செவேல் என்று ஒரு வளையம் வரும். அந்த நொதிக்கான மரபணுவுக்கு முன்னால் டினா-சி என்று 24 அமினோ அமிலப் பெப்டைடு. அதன் 12-ஆவது இடத்தில் ஒரு டிரிப்டோபன், 24-ஆவது இடத்தில் புரோலின். இங்கே ரைபோசோம் எல்லாவற்றையும் கோத்து முடித்துவிடும். முற்றுப்புள்ளிக் கோடானுக்கு வந்து, சங்கிலியை வெட்டிவிட வேண்டிய நேரத்தில்தான் சிக்கல். செல்லுக்குள் மிதக்கும் டிரிப்டோபன் மூலக்கூறு வந்து ரைபோசோமுக்குள் உட்கார்ந்துகொண்டால், உள்ளே இருக்கும் சங்கிலியோடு சேர்ந்து, வெட்டும் காரணியை வேலை செய்யவிடாது. முடிந்தும் இறங்க முடியாமல் ரைபோசோம் அங்கேயே தங்கிவிடுகிறது. அது மறைக்கும் இடம், ரோ என்ற புரதம் ஏறி எழுத்தை முடித்து வைக்க வேண்டிய இடம். ரோ ஏற இடமில்லை, பாலிமரேஸ் டிரிப்டோபனேஸ் மரபணு வரை எழுதிக்கொண்டே போகிறது.

ஒரே செல்லில், ஒரே அமினோ அமிலத்துக்காக, இரண்டு முன்னோடிகள். ஒன்றில் டிரிப்டோபன் இல்லாததால் ரைபோசோம் நின்று உற்பத்தியைத் தொடங்கி வைக்கிறது. இன்னொன்றில் டிரிப்டோபன் இருப்பதால் ரைபோசோம் நின்று சிதைப்பைத் தொடங்கி வைக்கிறது. வாய்மொழித் தேர்வில் யாராவது அட்டெனுவேஷன் பற்றிக் கேட்டால் இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள், கேட்டவர் நிமிர்ந்து உட்காருவார்.

பேசில்லஸ் சப்டிலிஸில் மிஃப்-எம், கடல் வாழ் விப்ரியோவில் வெம்-பி என்று இதே பாணியில் வேறு சிலவும் உண்டு. முன்னது சவ்வுக்குள் புரதம் செருகும் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது, பின்னது உப்பு மாறும்போது வெளியேற்றும் கருவியை மாற்றிக்கொள்ள உதவுவது. இவற்றின் வரிசைகளுக்குள் ஒற்றுமை தேடிப் பயனில்லை. ஒவ்வொரு பாக்டீரியா வகையும் சுரங்கத்தில் மாட்டிக்கொள்ளத் தனித்தனியே ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது.

‘நஷ்டம்தானே’ என்று கேட்டதில் நியாயம் இருக்கிறது. நிற்பதெல்லாம் கட்டுப்பாடு அல்ல. தூது ஆர்.என்.ஏ. நடுவில் அறுந்து, முற்றுப்புள்ளிக் கோடான் இல்லாமல், அதன் முனைக்கு வந்து ரைபோசோம் திகைத்து நிற்பது நிஜமான விபத்து. அதற்கென்றே டி.எம். ஆர்.என்.ஏ. என்ற மீட்பு மூலக்கூறு இருக்கிறது. காலியாக உள்ள இடத்தில் தானே ஏறி, அரைகுறைப் புரதத்தின் வாலில் 11 அமினோ அமிலம் கொண்ட அடையாளச் சீட்டைச் சேர்த்து, ரைபோசோமை விடுவித்து, புரதத்தைச் சிதைக்கும் இடத்துக்கு அனுப்பிவிடும். செக்-எம் போன்றவற்றில் இந்த மீட்புப் படை அவ்வளவு எளிதில் நுழைய முடியாது. தூது ஆர்.என்.ஏ. அறுந்திருக்கவில்லை, ரைபோசோமுக்கு முன்னால் நீளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த இடமும் காலியில்லை, புரோலினைச் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ. அதில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் நின்ற வண்டிதான், ஆனால் ஒன்று பழுதாகி நின்றது, மற்றொன்று பிரேக் போட்டு நின்றது.

செலவையும் பாருங்கள். ஈ. கோலையின் ரைபோசோம் 37 டிகிரியில் வினாடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்களைக் கோக்கும். டிரிப் முன்னோடியின் 14 இடத்துக்கு ஒரு வினாடிகூட ஆகாது. தனியாக ஓர் உணர்வுப் புரதம் செய்து வைத்துப் பராமரிப்பதோடு ஒப்பிட்டால் இது மலிவு. நிலைமையை அளக்கும் கருவியும், நிலைமை சரியில்லாதபோது உண்மையில் பாதிக்கப்படும் இயந்திரமும் ஒன்றே என்பதால் தவறான சேதி வருவதும் குறைவு.

செக்-எம்மின் அந்த 17 அமினோ அமில வரிசை இப்போது ஆய்வகக் கருவியாகவும் ஆகிவிட்டது. ஸ்டாக்ஹோமில் குன்னார் ஃபான் ஹெய்னே குழு அதை வெட்டி எடுத்து வேறு புரதங்களின் பின்னால் ஒட்டிப் பார்த்தது. முன்னால் இருக்கும் புரதம் சவ்வுக்குள் நுழையும் கணத்தில், அல்லது சுரங்கத்தின் வாயில் மடியும் கணத்தில், சங்கிலியை வெளியே இழுக்கும். போதுமான அளவு இழுத்தால் பிடி விட்டு முழுநீளப் புரதம் கிடைக்கும், இழுக்காவிட்டால் நின்றுபோன குட்டைப் புரதம் கிடைக்கும். புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் இரண்டு பட்டைகள். எது அடர்த்தி என்று பார்த்தால், அந்தக் கணத்தில் சங்கிலி எவ்வளவு பலமாக இழுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.